டாக்டருக்கு நோய் வந்தால்?



சென்ற தவணையில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் "நான் ஒரு மருத்துவரானால்" என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஏறக்குறைய எல்லாரும் கார் வாங்கினார்கள், மாடி வீடு கட்டினார்கள். குறை சொல்லவில்லை, செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு ஆசைப்படுவது தப்பா? ஒரு மாணவி மட்டும் கேட்டாள்: "டாக்டருக்கே நோய் வந்தா என்ன செய்வாங்க டீச்சர்?"

அன்று பதில் தெரியாமல் விழித்தேன். பிறகு பால் கலாநிதி நினைவுக்கு வந்தார்.

தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். பெயரிலேயே தமிழ் இருக்கிறது பாருங்கள். அவர் வளர்ந்தது அமெரிக்காவின் கிங்மேன் என்னும் பாலைவன ஊரில். அங்கே படிப்பு சரியில்லையே என்று அவருடைய தாயார் கவலைப்பட்டார். கவலைப்பட்டதோடு நிற்காமல், நல்ல நூல்களின் பட்டியல் ஒன்றைத் தேடிப் பிடித்து மகனைப் படிக்க வைத்தார். தாய்மார்களே, இதை நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மகன் முதலில் இலக்கியம் படித்தார். பிறகு மருத்துவம் படித்து, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மூளை அறுவைச் சிகிச்சைப் பயிற்சியில் சேர்ந்தார்.

பயிற்சி முடியும் தறுவாயில், 2013 மே மாதம், ஒரு நுரையீரல் படத்தைப் பார்த்தார். எங்கும் புற்றுநோய்க் கட்டிகள். எத்தனையோ நோயாளிகளின் படங்களைப் பார்த்தவர்தான். இது அவருடைய சொந்தப் படம். வயது 36.

"எனக்கு இன்னும் எவ்வளவு காலம்?" என்று தம் மருத்துவரைக் கேட்டார். அந்த அம்மையார் கணக்குச் சொல்ல மறுத்துவிட்டார். உங்களுக்கு எது முக்கியம், அதைப் பாருங்கள் என்றார். பத்தாண்டு என்றால் அறுவைச் சிகிச்சை, ஓராண்டு என்றால் புத்தகம் என்று திட்டம் போடலாம், காலமே தெரியாவிட்டால்? மாத்திரையில் கட்டிகள் சுருங்கியதும் மறுபடியும் அறுவைச் சிகிச்சை அறைக்குப் போனார். வலியைப் பொறுத்துக்கொண்டு மணிக்கணக்காக நின்றார்.

பிள்ளை வேண்டுமா என்ற பேச்சும் வந்தது. குழந்தையைப் பிரியும்போது இன்னும் வலிக்குமே என்றார் மனைவி லூசி. அப்படி வலித்தால் அது நல்லதுதானே என்ற பொருளில் பதில் சொன்னார் அவர். எனக்கு இது புரியச் சில நாள் ஆயிற்று. 2014 ஜூலை 4ஆம் நாள் மகள் பிறந்தாள்.

நோய் திரும்பி வந்து கத்தியைக் கீழே வைக்க நேர்ந்தபோது எழுத உட்கார்ந்தார். மருந்தின் கடுமையால் விரல் நுனிகள் வெடித்தன. கையுறை போட்டுக்கொண்டு தட்டினார். 2015 மார்ச் 9ஆம் நாள், 37 வயதில் மறைந்தார். மகளுக்கு எட்டு மாதம். புத்தகம் 2016இல்தான் வெளிவந்தது. இறுதிப் பகுதியை லூசி எழுதி நிறைவு செய்தார்.

இதை வகுப்பில் சொன்னேன். சத்தமே இல்லை. பிறகு கட்டுரைகளைத் திருப்பிக் கொடுத்து, "சரி, காரும் வீடும் வாங்கியாச்சு. மறுநாள் காலையில முதல்ல யாரைப் பார்ப்பீங்க?" என்று ஒரு பத்தி எழுதச் சொன்னேன்.

கேள்வி கேட்ட அந்த மாணவி எழுதியிருந்தாள்: "எங்க பாட்டிய. முட்டிவலியோட ரொம்ப நாளா காத்துக்கிட்டு இருக்காங்க."