மணல் தந்த பாடம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஆயினும் எழுத்தறிவிக்கும் கருவிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. தாம்பாளத்தில் மணலைப் பரப்புங்கள். உங்கள் தம்பியின் விரலைப் பற்றி, நேர்கோடுகளாலான ‘ட’, ‘ப’ என்பவற்றை முதலில் வரையச் செய்யுங்கள். பிறகு தரையில் ‘அ’ எழுதி, அதன்மேல் புளியங்கொட்டைகளை அடுக்கச் சொல்லுங்கள். அவன் வாயிலிட்டுக்கொள்ளாதபடி அருகிலேயே இருங்கள். எழுத்தின் வளைவை விரலே கற்றுக்கொள்ளும்.

சென்னையில் நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதக் கண்ட பாதிரியார் ஆண்ட்ரூ பெல், அம்முறையை எழும்பூர் அநாதைப் பள்ளியில் கையாண்டார். 1797-இல் நூலெழுதி இங்கிலாந்துக்கும் அறிவித்தார்.

மணலில் பிழை நிலைப்பதில்லை. ஒருமுறை தடவினால் மறையும். ஆதலால் குழந்தை அஞ்சாமல் மீண்டும் எழுதும். பெற்றோர் எழுத்தறியாத இல்லத்தில் முதல் ஆசிரியர் நீங்களே.