கல்பாக்கத்து அணுமின்சாரமும் நமது கடமையும்

(நமது சங்கத்தின் மயிலாப்பூர் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யான் தமிழ் கற்பிக்குந் தொழிலினன். விஞ்ஞானம் கற்றுத் துறைபோயவன் அல்லேன். ஆயினும், மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் மின்விசிறியின்றி ஒரு நாழிகையும் கழிக்கவியலாத நாம், அம்மின்சாரம் எவ்வாறு வருகின்றதென அறிதல் கடனன்றோ?

நிலக்கரியை எரித்து நீரை ஆவியாக்கி, அவ்வாவியாற் சக்கரஞ் சுழற்றி மின்சாரம் ஆக்குதல் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முறை. கல்பாக்கத்திலும் ஆவியே சக்கரத்தைச் சுழற்றுகின்றது. ஆனால் அங்கு எரிப்பது யாதுமில்லை. யுரேனிய அணுவின் கருவை நியூட்ரான் தாக்கிப் பிளக்குங்கால் எழும் வெப்பமே நீரை ஆவியாக்குகின்றது. எரிதல் இன்மையின் உலையினின்று கரியமில வாயு எழுவதில்லை. சுரங்கந் தோண்டுதல், நிலையங் கட்டுதல் முதலிய யாவுங் கூட்டி, ஐக்கிய நாடுகளின் பருவநிலைக் குழு 2014-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதன்படி ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரியால் எழுவது சுமார் 820 கிராம், பெருஞ் சூரிய ஒளி நிலையத்தால் 48, அணுவால் 12, நிலத்துக் காற்றாலையால் 11.

அங்ஙனமாயின் காற்றும் வெயிலும் போதாவோ எனின், அவை பெருகவே வேண்டும். ஆயினும் வெயில் அந்தியில் மறையும்; நம் நாட்டுக் காற்றாலைகள் வைகாசி முதல் ஆவணி வரை மிகச் சுழன்று பின் தளரும். அணு உலையோ இராப்பகல் ஒரு சீராய் இயங்கவல்லது. அதன் சிறப்பு இதுவே.

நம் நகர்க்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டரில் உள்ள கல்பாக்கத்தில், தலைக்கு 220 மெகாவாட் ஆற்றலுடைய உலைகள் இரண்டு 1983-இலும் 1985-இலும் இயங்கத் தொடங்கின. அவற்றை அமைத்தோர் நம் நாட்டுப் பொறியாளரே என்பது பெருமைக்குரியது.

இனி மறுபக்கத்தையும் நோக்குதல் நீதியாம். 1986-இல் செர்னோபிலிலும் 2011-இல் புகுஷிமாவிலும் நேர்ந்த கேடுகளை உலகம் மறவாது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கல்பாக்கத்திலும் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த உலை பழுதின்றி நிறுத்தப்பட்டது. ஆனால் குடியிருப்பிற் பல உயிர்கள் மாண்டன. எரிந்த எரிபொருளின் நஞ்சு நெடுங்காலம் காக்கப்பட வேண்டுவது. காலத்தாழ்வும் பெரிது: அங்கு 2004-இற் கட்டத் தொடங்கிய 500 மெகாவாட் ஈனுலையின் உலைக்கருவை நிரப்பும் பணி 2024 மார்ச்சிலேதான் தொடங்கிற்று.

ஆதலின், அணுவென்றதும் அஞ்சி ஓடுதலும் தகாது. ஐயம் வினவுவோரை நாட்டுப் பகைவரென இகழ்தலும் தகாது. கூடங்குளம் உலைகளைப் பற்றி இடிந்தகரை மீனவ மக்கள் கேட்டவை, நாம் அவ்வூரில் வாழ்ந்திருப்பின் நாமும் கேட்டிருக்கக் கூடியவையே. ஒளி நம் இல்லத்தில். அச்சம் அவர்தம் குப்பத்தில். இச்சமனின்மையை உணர்தலே என் வேண்டுகோளின் உயிர்நிலை.

அணுமின்சாரம் வேண்டுமென்பதே என் துணிபு. அதனை வேண்டுவோர்க்குக் கடன்கள் மூன்று: வீணே எரியும் விளக்கை அணைத்தல், பாதுகாப்புச் சோதனையின் முடிபுகள் கடற்கரை மக்களுக்கு விளங்குந் தமிழில் வெளிவர வேண்டுமெனக் கேட்டல், நம் சங்கத்தின் உபகாரச் சம்பளம் பெறும் மாணவருள் ஒருவரையேனும் இத்துறை கற்பித்து, கற்றதைத் தமிழிற் சொல்லச் செய்தல். மூன்றாவதனை அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொணர உங்கள் சம்மதத்தை வேண்டி அமைகின்றேன்.