கண்டவர் இருவரே

உரோமை புனித பேதுரு பேராலயத்தில், புனித பெரிய லியோவின் பீடத்துக்கு மேல் பெரியதொரு பளிங்குப் புடைப்புச் சிற்பம் உண்டு. 1646 முதல் 1653 வரை அல்கார்தி செதுக்கியது. ஈரத்தில் ஓவியம் கெட்டுவிடுமென்றே பளிங்கைத் தேர்ந்தார்களாம், நல்லதாயிற்று.

452-இல் இத்தாலியைச் சூறையாடி வந்த ஹூணர் மன்னன் அத்திலாவை ஆயுதமின்றி எதிர்கொள்கிறார் திருத்தந்தை லியோ. அவர் கை வானத்தைக் காட்டுகிறது. அங்கே, மரபு சொல்கிறபடி, பேதுருவும் பவுலும் வாளோடு பாய்ந்து வருகிறார்கள். அத்திலா அஞ்சி விலகுகிறான்.

திருத்தூதர்களைக் காண்பவர் இந்த இருவர் மட்டுமே. திருத்தந்தையோடு வந்தவர்கள் இன்னும் காணவில்லை! குருவாகிய என்னை அதுதான் உறுத்துகிறது. பகைவன் கண்டதை உடன் வந்தவர் காணவில்லையே. நாள்தோறும் பீடத்தருகே நிற்கிற நான் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறேன்?