கேட்பதில் வெட்கம் வேண்டாம்
(நமது அறக்கட்டளையின் கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அன்பான பெற்றோர்களே, பிள்ளைகளே! நம்மிடம் உதவித்தொகை பெற்றுப் படித்த தம்பி ஒருவர் தி. நகரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். ஒரு நாள் மேலாளர் அழைத்து, "வி ஹேவ் டு லெட் யூ கோ" என்றாராம். சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொல்கிறார் என்று நினைத்து, தம்பி நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார். வேலையே போய்விட்டது என்பது மறுநாள் வாசலில் நிறுத்தியபோதுதான் தெரிந்தது. காரணம் கேட்கவில்லை, பாக்கிச் சம்பளமும் கேட்கவில்லை. அப்புறம்தான் எங்களிடம் வந்தார். உட்கார்ந்து கடிதம் எழுதிக் கொடுத்தோம்.

'கை கழுவிவிட்டான்' என்று நாம் சொன்னால் சோப்புப் போட்டான் என்றா பொருள்? ஆங்கிலத்திலும் அப்படித்தான். 'அண்டர் த வெதர்' என்றால் உடம்பு சரியில்லை. 'கால் இட் எ டே' என்றால் இன்றைக்கு வேலை போதும். 'த பால் இஸ் இன் யுவர் கோர்ட்' என்றால் இனி முடிவு சொல்ல வேண்டியது நீங்கள்.

மருத்துவமனையில் இன்னும் கவனம் தேவை. 'அவுட் ஆஃப் த வுட்ஸ்' என்றால் நோயாளி ஆபத்தைத் தாண்டிவிட்டார். முன்னால் 'நாட்' சேர்ந்தால் இன்னும் தாண்டவில்லை. 'டச் அண்ட் கோ' என்றால் எதுவும் நடக்கலாம், நிலைமை நிச்சயமில்லை. தொட்டுவிட்டுப் போவதல்ல.

தெரியாதது குற்றமில்லை. முஹர்ரம் ஊர்வலங்களில் எழுந்த 'யா ஹஸன், யா ஹுஸைன்' என்ற குரல் ஆங்கிலேயச் சிப்பாய்களின் காதில் 'ஹாப்சன் ஜாப்சன்' என்று விழுந்தது. யூல் என்பவரும், சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பர்னெல்லும் தொகுத்து 1886-இல் வெளிவந்த அகராதிக்கு அதுவே பெயராகிவிட்டது! நம் கட்டுமரமும் மிளகுத்தண்ணீரும் உருமாறி அதில் இருக்கின்றன. நம் சொல்லைத் தவறாகக் கேட்டதற்கு அவர்கள் கூனிக் குறுகவில்லை. நாம் மட்டும் ஏன் குறுக வேண்டும்?

பிள்ளைகளே, புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள். "குட் யூ ப்ளீஸ் சே தட் இன் சிம்பிள் வேர்ட்ஸ்?" என்று கேளுங்கள். தாய்மார்களே, "டாக்டர், கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க" என்று கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன், அந்த அறையை விட்டு வெளியே வரும் முன் கேளுங்கள். அப்போதும் விளங்காவிட்டால், அந்தத் தொடரை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.