கட்டி என்ன கட்டி என்று கேளுங்கள்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் வெட்டு மரக் கணக்கைப் பற்றியும் இந்த மேடையில் நிறையப் பேசிவிட்டோம். இன்று நான் பேச வந்தது உடம்பில் முளைக்கும் ஒரு சிறு கட்டியைப் பற்றி. இதற்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறீர்களா? உண்டு. சொல்கிறேன்.

பால் வெட்டும் ஒரு தாயாருக்கு உள்ளங்காலில் கறுப்பாக ஒரு புள்ளி வந்தது. முள் குத்திய தழும்பு என்று சுண்ணாம்பு தடவினார். பிறகு யாரோ சொன்னார்கள் என்று, பால் உறைய வைக்கும் ஆசிட்டைத் தொட்டு வைத்தார். தோல் வெந்ததுதான் மிச்சம். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் களிம்போடு திரும்பினார். "அது என்னவென்று கேட்டீர்களா அம்மா?" என்றேன். "பெரிய டாக்டரைப் போய் எப்படிக் கேட்பது தம்பி!" என்றார். தோழர்களே, துரையிடம் அரை நாள் சம்பளத்துக்கு வாதாடிய அம்மாள் அவர்!

மறுமுறை மகன் கூடப் போய்க் கேட்டான். சிறிது சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. வந்தது வெறும் மச்சம் என்ற பதில். சதையைக் கிள்ளினால் வியாதி உடம்பெங்கும் பரவும் என்று லயத்தில் பேசுகிறார்களே, அதை நம்பி ஓடாதீர்கள். நுண்ணாடியில் பார்க்காமல் சில கட்டிகளின் குணத்தை எவராலும் சொல்ல முடியாது.

பெரும்பாலான கட்டிகள் ஆபத்தில்லாதவை. மரு, கொழுப்புக் கட்டி, வயதானால் முகத்தில் தோன்றும் கறுப்பு மணிகள் எல்லாம் அந்த ரகம். ஆனால் மச்சம் ஒரு பக்கம் மட்டும் வளர்ந்தால், ஓரம் கோணினால், நிறம் பலவானால், 6 மில்லிமீட்டருக்கு மேல் பெருத்தால், மாதத்துக்கு மாதம் மாறினால், இரத்தம் கசிந்தால் காட்டியே ஆகவேண்டும். நான்கு வாரத்தில் ஆறாத புண்ணும் அப்படியே. பழைய தீக்காயத் தழும்பில் புதிதாகப் புண் வந்தாலும் சும்மா இருக்கக்கூடாது. கறுத்த மேனியருக்குத் தோல் புற்று குறைவுதான். ஆனால் வந்தால் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் ஒளிந்து வருவதுண்டு. வேலை முடிந்து கால் கழுவும்போது அடிப்பாதத்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

இன்னொரு பயமும் நம்மிடம் இருக்கிறது. முகத்தில் முடிச்சு, காதுமடல் தடிப்பு, உணர்ச்சியற்ற தேமல் என்றால் தொழுநோயோ என்று மறைக்கிறோம். சுங்கை பூலோ குடியிருப்பு 1930இல் திறந்தது. அங்கே கொண்டுபோனால் திரும்ப விடமாட்டார்கள் என்று அஞ்சிய தலைமுறையின் பிள்ளைகள் நாம். அந்தக் காலம் போய்விட்டது. உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்தை 6 அல்லது 12 மாதம் சாப்பிட்டால் குணமாகும். ஒளிப்பதால்தான் விரல் மடங்கிப் போகிறது.

இனிச் சங்க விஷயம். ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று காட்டாமல் இருப்பவர்கள் பலர். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவைக் கேளுங்கள். முதலாளி நியமித்த டாக்டர் பார்த்துச் சீட்டுக் கொடுத்தால் சம்பளத்தோடு ஓய்வு உண்டு. வேலைக்கு வந்து 2 ஆண்டு நிறையாதவருக்கு வருஷத்தில் 14 நாள், 5 ஆண்டு நிறையாதவருக்கு 18 நாள், அதற்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள் தனி. அந்தப் பரிசோதனைச் செலவும் முதலாளியுடையது. ஆனால் ஓய்வு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் செக்ரோலில் ஆப்சென்ட் விழும். தகராறு முளைக்கும் இடமே அதுதான்.

டாக்டரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். இதன் பெயர் என்ன? சோதனை வேண்டுமா? முடிவு எப்போது வரும்? எது கண்டால் திரும்ப ஓடி வரவேண்டும்? கேட்பது அவமரியாதை அல்ல. வாய் வராதவர்கள் சம்பள நாள் மாலையில் சங்க அறைக்கு வாருங்கள். உட்கார்ந்திருப்பேன். கேள்விகளை மலாயில் எழுதித் தருகிறேன். டாக்டரிடம் நீட்டினால் போதும்.