அவதானம்



“அவதானமாய்ப் போய் வா” என்று நம் வீட்டுப் பெரியோர் சொல்லாத நாளில்லை. கருத்தை ஒன்றிலே ஊன்றுதல் என்பதே இவ்வடசொல்லின் பொருள். ஆயினும் எட்டுக் காரியங்களை ஒருங்கே கவனிப்பவரை அட்டாவதானி என்றும், நூற்றைக் கவனிப்பவரைச் சதாவதானி என்றும் முன்னோர் அழைத்தனர். ஒன்றில் ஊன்றுதற்குரிய பெயர் பலவற்றைச் செய்யும் வித்தைக்கு வந்ததேன்?

நமது புலோலி தந்த நா. கதிரைவேற்பிள்ளை அவர்கள் சதாவதானி எனப் புகழ்பெற்றவர். சென்னை வெஸ்லி பாடசாலையில் தமிழாசிரியராயிருந்து திரு. வி. க. போன்றோரை உருவாக்கினார். (யான் பயின்றதும் மிஷன் பாடசாலையே; இதைச் சொல்வதில் எனக்கொரு சிறு பெருமை.) அவர் மறைந்த 1907ஆம் ஆண்டிலேயே, மார்ச் 10ஆந் திகதி, கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார்.

அங்கே ஒருவர் ஈற்றடி தந்து வெண்பாக் கேட்பார், ஒருவர் கணக்கொன்று போடுவார், ஒருவர் மணியடிப்பார், ஒருவர் முதுகிலே சிறுகல் எறிவார். முடிவில் வெண்பாவும் வரும், கல்லின் தொகையும் வரும். உற்று நோக்கின், அவதானி எல்லாவற்றையும் ஒரே கணத்தில் எண்ணுவதில்லை. ஒவ்வொன்றிலும் முழுமனத்தையும் வைத்து, விட்ட இடத்தை நினைவிற் பதித்து, அடுத்ததற்குச் சென்று மீள்கிறார்.

இவ்வாறு மாறுவதற்கு விலை உண்டு. கூட்டலையும் கழித்தலையும் மாறிமாறிச் செய்வோருக்கு ஒன்றையே தொடர்ந்து செய்வோரிலும் அதிக நேரம் செல்வதை அமெரிக்கரான ஜெர்சில்ட் 1927இல் காட்டினார். பயிற்சியால் அவ்விலை குறையும். கதை வாசித்துக்கொண்டே, பிறர் சொல்லும் சொற்களை எழுதுமாறு இரு மாணவரைக் கோர்னெல் பல்கலைக்கழகத்தார் பழக்கினர். முதலில் வாசிப்பு வேகம் தளர்ந்தது. பல வாரப் பயிற்சியின்பின் மீண்டது. அந்த ஆய்வு 1976இல் வெளிவந்தது. நம் ஆச்சிமாரும் கதை சொல்லிக்கொண்டே ஓலைப்பெட்டி இழைப்பர். மூலை திருப்பும்போது மட்டும் கதை நின்றுவிடும்!

காங்கேசன்துறை வீதியிலே தோளுக்கும் காதுக்குமிடையில் தொலைபேசியை இடுக்கி மோட்டார் சைக்கிள் ஓட்டும் நண்பர்கள் தம்மைச் சதாவதானிகள் என்று எண்ணுகின்றனர் போலும். தொலைபேசியிற் கதைத்துக்கொண்டு வாகனம் ஓட்டுவோர் வீதிச் சைகைகளைத் தவறவிடுவதையும், கையில் ஏந்தாது பேசினும் அத்தவறு குறையாமையையும், யூட்டா பல்கலைக்கழகத்து ஸ்ட்ரேயரும் ஜோன்ஸ்டனும் 2001இல் வெளியிட்டனர். தடைப்படுவது கையன்று, கருத்து. அவதானிக்குத் தவறினால் ஒரு கல் எண்ணிக்கையிற் குறையும். இவர்களுக்கோ எதிரே பாடசாலைப் பிள்ளைகள் வருகின்றனர்.

சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழாவில் ஒரு சிறு அவதானம் நடத்திப் பார்க்கலாமே. நூறும் வேண்டாம், எட்டும் வேண்டாம், நான்கு போதும். முதுகிலே கல்லெறியப் பலர் முன்வருவர் என்பதில் எனக்கு ஐயமில்லை.