இலை சமைக்கிறது, கிழங்கு சேமிக்கிறது



பொழுது விடியும் முன்பே தாராவியில் பல வீடுகளில் இட்லி வேகிறது. இட்லிப் பாத்திரம் சைக்கிளில் ஏறி ஊரெல்லாம் போகிறது. விரத நாள் என்றால் மாட்டுங்கா, செம்பூர் பக்கத்து மராத்தி வீடுகளில் சாபுதாணா கிச்சடி தயாராகிறது. சாபுதாணா என்பது ஜவ்வரிசிதான். ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கில் இருந்து வருகிறது. இட்லியின் அரிசியிலும் ஜவ்வரிசியிலும் நிறைந்திருப்பது மாவுச்சத்து. அதைச் செய்தது யார்? செடியின் பச்சை இலை.

இலையில் கண்ணுக்குத் தெரியாத சின்னத் துளைகள் உண்டு. அவற்றின் வழியே காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே போகிறது. வேர் தண்ணீரை அனுப்புகிறது. இலையின் பச்சையம் வெயிலைப் பிடிக்கிறது. மூன்றும் சேர்ந்தால் சர்க்கரை உண்டாகிறது. விறகு வேண்டாம், கெரசின் வேண்டாம். வெயில்தான் அடுப்பு. அப்போது உண்டாகும் பிராணவாயுவை இலை வெளியே விடுகிறது.

சர்க்கரையை அப்படியே சேர்த்து வைத்தால் என்ன? சர்க்கரை தண்ணீரில் கரையும், தண்ணீரை இழுக்கும். அதிகம் சேர்ந்தால் செடிக்குத் தொல்லை. ஆகவே, பூத் தொடுப்பது போல, செடி சர்க்கரைத் துகள்களை ஒன்றோடு ஒன்று கோக்கிறது. அந்த நீண்ட சரம்தான் மாவுச்சத்து. அது பச்சைத் தண்ணீரில் கரையாது. இடமும் குறைவாகவே பிடிக்கும்.

தினக்கூலி வாங்குபவர் அன்றாடச் செலவு போக மீதியை உண்டியலில் போடுவார். செடியும் அப்படித்தான். பகலில் கொஞ்சம் மாவுச்சத்தை இலையிலேயே வைத்து, இரவில் செலவு செய்கிறது. மீதி, சர்க்கரையாகத் தண்டு வழியே இறங்குகிறது. மரவள்ளியில் வேருக்குப் போகிறது. நெல்லில் மணிக்குப் போகிறது. அங்கே மறுபடியும் மாவுச்சத்தாகிறது. மழை இல்லாத காலத்துக்கும், புதுத் தளிர் விடவும் மரவள்ளிக்கு அந்தச் சேமிப்பு உதவும். நெல்லில் அது முளைக்கும் நாற்றுக்கு உணவு.

1940-களில் சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் தொடங்கியது. ஆலையில் கிழங்கின் தோலை நீக்கிக் கழுவி அரைக்கிறார்கள். வடிகட்டிய பாலைத் தொட்டியில் விடுகிறார்கள். கரையாத மாவு அடியில் தங்குகிறது. அதை உருட்டி, வறுத்து, வெயிலில் காயவைத்தால் ஜவ்வரிசி. 1981-ல் அங்கே சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஆறிய சோற்றில் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். கருநீலமாக மாறும். அதுவே மாவுச்சத்தின் அடையாளம். சர்க்கரையில் விட்டால் அந்த நிறம் வராது. சோதித்த சோற்றைக் கொட்டிவிடுங்கள். யாரும் தின்னக் கூடாது.

இனி முக்கியமான செய்தி. மாவுச்சத்து உடம்புக்குள் போனதும் மறுபடி சர்க்கரையாகிறது. ஓடவும் உழைக்கவும் பலம் தருகிறது. ஆனால் பிள்ளையின் சதை வளரப் புரதம் வேண்டும். 100 கிராம் ஜவ்வரிசியில் புரதம் 1 கிராம்கூட இல்லை. 100 கிராம் உளுந்தில் 20 கிராமுக்கு மேல் இருக்கிறது.

வெறும் ஜவ்வரிசிக் கஞ்சியைக் குடித்த பிள்ளை அழாமல் தூங்கும். வயிறு நிறைந்தது என்று தாய் நினைப்பாள். தினமும் அதையே கொடுத்தால் பிள்ளை வளராது, எடை ஏறாது.

பிறந்து ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். பிறகு தாய்ப்பாலோடு கஞ்சியும் கொடுக்கலாம். அந்தக் கஞ்சியில் குழைய வெந்த பருப்பைச் சேருங்கள். இட்லியில் அரிசியோடு உளுந்து இருக்கிறது. கிச்சடியில் ஜவ்வரிசியோடு வேர்க்கடலைப் பொடி இருக்கிறது. பிள்ளையின் கிண்ணத்திலும் அந்தச் சேர்க்கை இருக்கட்டும்.